பாறையில் குடியேறிய குரல்

ஒரு காட்டில் மூன்று ஓடைகள் ஓடின. கோடை வந்தால் மூன்றும் வற்றிப்போய், மருதமரத்தடி மடு ஒன்றில் மட்டும் தண்ணீர் நிற்கும். காடை, கௌதாரி, முயல், சருகுமான் என்று சின்ன உயிர் அத்தனையும் தாகத்துக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். இது வேட்டைக்காரர்களுக்குத் தெரியாதா? இருட்டோடு இருட்டாக வந்து, மடுவுக்குப் போகிற ஒற்றையடிப் பாதைகளில் கண்ணி வைத்துவிட்டுப் போவார்கள். வெயில் ஏறியதும் வந்து, மாட்டியதைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

அந்தக் காட்டில் காத்தாயி என்று ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். பிள்ளைகளே, அந்தச் சாதிக் குருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெட்டைக் கால், கண்ணோரம் சிவப்பு. மனுஷ வாடை பட்டால் போதும், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தலைக்கு மேலேயே வட்டம் போடும்.

காத்தாயி கத்துவதோடு நிற்கவில்லை. பொழுது வெளுத்ததும் கிளம்பி மூன்று ஓடையோரமும் பறப்பாள். எந்தப் பாதையில் கண்ணி இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு வளை வளையாக, புதர் புதராகப் போய்ச் சொல்வாள்.

"கௌதாரியக்கா, இன்னிக்கு இலந்தைப் பாதை வேண்டாம். நாலு கண்ணி கிடக்கு. நாணல் பக்கமாச் சுத்திப் போ."

"முயலண்ணே, புள்ளைங்களைக் கொஞ்சம் கைக்குள்ளேயே வச்சுக்க. கல்லுப் பாதையில ஆள் நடமாட்டம் இருக்கு."

இதற்கு அவள் யாரிடமும் ஒரு புழுகூட வாங்கியதில்லை. அவளுக்குத் துணையாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று, ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. கண்ணிக் கயிற்றைக் கடித்து அறுப்பது அவன் வேலை. பேச்சும் அவன் முதுகைப் போலத்தான், குத்தும். இன்னொன்று, வரியன் என்ற அணில். மரத்துக்கு மரம் தாவிச் சேதி கொண்டு போவான். ஒரு சேதி கொடுத்தால் ஒன்பது சேதியாக்கிக் கொண்டு சேர்ப்பான். மூவரையும் சேர்த்துக் காட்டில் துணைக்கூட்டம் என்பார்கள்.

காட்டின் நடுவில் ஒரு குடப்பாறை இருந்தது. கவிழ்த்து வைத்த குடம் போல அது உள்ளே வெறும் கூடு. அடியில் ஆள் நுழைகிற குகைவாய், உச்சியில் ஒரு பிளவு. உள்ளே நின்று சாதாரணமாகப் பேசினாலும், அந்தப் பிளவு வழியாகக் குரல் கிளம்பி மூன்று ஓடைக்கும் கேட்கும்.

அந்தப் பிளவில் ஓர் உடும்பு குடியிருந்தது. எல்லாரும் பாறைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாறையை அவர் செய்யவில்லை, வாங்கவுமில்லை. முதலில் போய்ப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த வருஷக் கோடையில் குடப்பாறையடியில் கூட்டம் கூடத் தொடங்கியது. இரண்டு குரங்குகள் உள்ளே போய் ஒன்றையொன்று ஏசும், காடு முழுக்கக் கேட்கும். மயில் தன் தோகையைப் பற்றித் தானே பாடும். கீரி பாம்பை இழுத்துப் பேச, பாம்பு கீரியின் பாட்டன் வரைக்கும் போகும். கேட்கிறவர்கள் வெளியே உட்கார்ந்து தலையாட்டுவார்கள். பொழுது போவது தெரியாது.

ஒருநாள் பாறைக்காரர் காத்தாயியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா காத்தாயி, இன்னும் எத்தனை நாளைக்குச் சிறகு ஓயப் பறப்பே? உள்ள வந்து ஒரு தரம் சொல்லு. காடு மொத்தமும் கேட்டுக்கும்."

"எனக்கென்ன செலவாகும் ஐயா?"

"ஒண்ணும் வேண்டாம்மா. நல்ல காரியம் பண்றவ நீ. உனக்குப் போய்க் கணக்குப் பாப்பேனா?"

"அப்ப உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"நாலு பேர் வந்து போற இடமா இருந்தா எனக்கும் பேச்சுத்துணை" என்று சொல்லிவிட்டு, பாறைக்காரர் பிளவுபட்ட நாக்கை ஒரு தரம் வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காத்தாயி குகைக்குள் போய் நின்று சொன்னாள். "இலந்தைப் பாதையில கண்ணி. கல்லுப் பாதையில கண்ணி. நாணல் பாதை சுத்தம்." அவள் குரல் பாறைக்குள் உருண்டு பெருத்து, இடி போலக் கிளம்பியது. அவளுக்கே மெய் சிலிர்த்தது. அந்த வாரம் முழுவதும் கண்ணியில் விழுந்தது ஒரே ஒரு காட்டெலிதான். அதுவும் செவிட்டு எலி.

"பாத்தியா அண்ணே!" என்று காத்தாயி துள்ளினாள்.

"பாத்தேன். அதுக்காக வளை வளையாப் போறதை விட்டுடாதே" என்றான் ஈட்டியப்பன்.

"ஒரே வேலையை எதுக்கு ரெண்டு தடவை செய்யணும்?"

அவள் விட்டுவிட்டாள். இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கௌதாரி வந்து கேட்டாள். "என்ன காத்தாயி, எங்க பக்கமே காணோம்?"

"பாறைக்கு வந்துடுங்கக்கா. அங்கதான் சொல்றேன். தூரத்துல கேட்டா ஒண்ணு ரெண்டு வார்த்தை தப்பிடும்."

"எனக்கு முட்டை கிடக்கே, தாயி. விட்டுட்டு எப்படி வருவேன்?"

"ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. என் குரல் வேணும்னா இனிமே பாறைதான். மத்த இடத்துல தேடாதீங்க."

இப்படி ஒவ்வொருவருக்கும் அவளே சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். ஒரு மாதத்தில் காட்டில் பாதி உயிர் பாறையடியில்தான் கிடந்தது. அந்தக் கோடையில் பாறைக்காரர் இரை தேடி அலைந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் வயிறு மட்டும் இறங்கவே இல்லை.

பேசுகிறவர்கள் குகைக்குள் நிற்பதால் வெளியே யார் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்காக வரியன் வெளியே ஒரு கிளையில் உட்கார்ந்து, எத்தனை தலை ஆடுகிறது என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்வான்.

"அக்கா, இன்னிக்கு முந்நூறு தலை!"

"தலையாட்டினவங்கள்ல எத்தனை பேர் நாணல் பக்கமாப் போனாங்க?" என்று ஈட்டியப்பன் கேட்பான்.

"அதை நான் எண்ணலையே."

"எண்ணாதே. எண்ணினா உனக்கு மூச்சு நின்னுடும்."

சில நாளில் முந்நூறு தலை முப்பதாகக் குறைந்தது. காத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. பாறைக்காரரிடம் போய் நின்றாள்.

"நீ தினமும் அதே பாட்டைப் பாடறே. இங்க கண்ணி, அங்க கண்ணின்னு. யாரும்மா உக்காந்து கேப்பா?" என்றார் அவர். "கேக்கிறவங்க நெஞ்சு பதறணும். அடிபட்டவங்க யாராச்சும் இருந்தாக் கூட்டியா. அவங்க வாயாலேயே அழச் சொல்லு."

அப்போதுதான் செவத்தாள் என்ற காடை கண்ணியில் காலை விட்டு, ஈட்டியப்பன் கயிற்றை அறுத்ததால் பிழைத்திருந்தாள். இடது காலில் சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. காத்தாயிதான் பச்சிலை வைத்துக் கட்டினாள். அவளுக்குப் பாறைக்கு வர இஷ்டமே இல்லை.

"நாலு பேர் முன்னால என் புண்ணைக் காட்டச் சொல்றியே அக்கா" என்றாள்.

"உன்னைப் பாத்து நூறு பேர் உஷாராவாங்க தங்கம். எனக்காக வா."

செவத்தாள் நொண்டிக்கொண்டு வந்தாள். குகைக்குள் நின்று அழுதாள். பாறை அந்த அழுகையை நூறு மடங்காக்கி வெளியே விட்டது. காட்டெருமை கண்ணைத் துடைத்துக்கொண்டது. குரங்குகள்கூடச் சண்டையை நிறுத்தின. காத்தாயிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவளும் சேர்ந்து குரல் கொடுத்தாள்.

"இவ ஏழு முட்டைக்குத் தாய்! நடக்க முடியாமக் கிடக்கா! மேற்கு ஓடையோரம், ரெட்டை ஆவாரஞ்செடி அடியில கூடு. யாராச்சும் போய் ஒரு பொழுது அடைகாத்துக் குடுங்க, புண்ணியமாப் போகும்!"

வரியன் தலைகீழாக ஓடி வந்தான். "அக்கா! எண்ணவே முடியல! இலை ஆடற மாதிரி ஆடுது தலை!"

அடைகாக்க ஒருவரும் போகவில்லை. ஆனால் வேறெதற்கோ யாரோ போயிருந்தார்கள். செவத்தாள் நொண்டி நொண்டித் தன் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆவாரஞ்செடி அடியில் ஓட்டுத் துண்டுகள்தான் கிடந்தன. மணலில் நகம் பதிந்த கால்தடம் இரண்டு வரிசை. நடுவே வாலை இழுத்துப்போன கோடு.

செவத்தாள் ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அலகால் ஒதுக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். காத்தாயி பக்கத்தில் போனாள். "போயிடு அக்கா" என்று மட்டும் சொன்னாள் செவத்தாள்.

அன்று துணைக்கூட்டம் மருதமரத்தடியில் கூடியது.

"கோடு யார் வால்னு தெரியுதுல்ல? இனி அந்தப் பாறைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்றான் ஈட்டியப்பன்.

வரியன் வாலைச் சிலிர்த்தான். "ஆமா, நாம வெளிய வந்துடுவோம். சின்ன உயிரெல்லாம் அங்கதானே உக்காந்திருக்கு? அவங்களுக்கு யார் சொல்றது? குரங்கா? பாம்பா? நல்லதைச் சொல்ல அந்த இடத்துல ஒரு வாயாவது இருக்க வேண்டாமா?"

"நல்ல வாய் அங்க இருக்கிறதாலதான்டா நல்ல உயிரெல்லாம் அங்க வந்து உக்காந்திருக்கு."

"நாம போனா மட்டும் எழுந்திருச்சு வந்துடுவாங்களாக்கும்?"

"அதுக்காக உடும்பு வீட்டு வாசல்ல நின்னு முட்டை எங்க இருக்குன்னு கூவணுமா?"

காத்தாயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நேரே பாறைக்காரரிடமே போய்க் கேட்டாள்.

"ஐயா, செவத்தாள் முட்டையை யார் தின்னது?"

"காட்டுல வால் இருக்கிறது எனக்கு மட்டுமாம்மா?" பாறைக்காரர் கோபப்படவே இல்லை. "கீரி கேட்டுச்சு, பாம்பு கேட்டுச்சு, காக்கா கேட்டுச்சு. நான் பாறையைத் திறந்து வச்சிருக்கேன். யார் என்ன சொல்றாங்க, யார் அதைக் கேட்டு எங்க போறாங்கன்னு காவல் காக்கறது என் வேலையா? இடத்தைச் சொன்னது நீ. போறதுன்னா தாராளமாப் போ. ஆனா நாளைக்கு ஒரு புள்ளை கண்ணியில மாட்டினா, காத்தாயி சொல்லாம விட்டதாலதானேன்னு ஊர் கேக்கும். அப்ப என்னைக் குத்தம் சொல்லாதே."

அந்தக் கடைசி வார்த்தை அவளைக் கட்டிப்போட்டது. இடத்தைச் சொல்லாமல் கண்ணியை மட்டும் சொல்வோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மேலும் ஒரு மாதம் அங்கேயே இருந்தாள்.

பாறைக்காரரிடம் இன்னொரு வித்தை இருந்தது. மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டால், பிளவு முழுக்க அவர் உடம்பாகவே அடைத்துவிடும். உள்ளே பேசுகிற குரல் ஊசிமுனையளவும் வெளியே போகாது. உள்ளே நிற்பவருக்கோ, தன் குரல் பாறைக்குள் உருளுவதைக் கேட்டு, காடே கேட்கிறது என்று தோன்றும்.

ஒருநாள் காத்தாயி உயிரைக் கொடுத்துக் கத்தினாள். "நாணல் பாதையில கண்ணி! இன்னிக்கு நாணல் பாதை வேண்டவே வேண்டாம்!" மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வரியன் தலையைச் சொறிந்தான். "உள்ள என்னக்கா பண்ணினே இவ்வளவு நேரம்?"

"என்னடா சொல்றே? கத்தினேனே!"

"ஒரு வார்த்தை கேக்கலியே. இப்பத்தான் குரங்கு ரெண்டும் சண்டை போட்டு முடிச்சுது. இன்னிக்கு ரொம்பப் பிரமாதம். பெரியவன் சின்னவனோட அம்மாவை இழுத்துட்டான். எல்லாரும் அதையேதான் பேசிட்டிருந்தாங்க. அந்தப் பேச்சைக் கலைக்க வேண்டாம்னு பாறைக்காரர் கொஞ்சம் அடைச்சுக்கிட்டார் போல."

காத்தாயி நாணல் பாதைக்குப் பறந்தாள். முயலண்ணனும் அவன் மனைவியும் நான்கு பிள்ளைகளும் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தது ஒரே ஒரு பிள்ளை.

"சொல்லியிருக்கலாமே அத்தை" என்றது அது.

அன்று காத்தாயி ஒன்றும் சாப்பிடவில்லை. "போதும் அண்ணே, வந்துடறேன்" என்று ஈட்டியப்பனிடம் சொன்னாள்.

வரியன் வரமாட்டேன் என்றான். "எனக்கு அங்க நூறு சிநேகிதம் இருக்கு. இங்க வந்தா உங்க ரெண்டு பேர் மூஞ்சியைத்தான் பாக்கணும். அதுலயும் ஒண்ணு முள்ளு மூஞ்சி." பாறைக்காரருக்கே தலை எண்ணிச் சொல்கிறவனாக அவன் அங்கேயே தங்கிவிட்டான்.

"சரி, போகலாம். நாளையிலேருந்து பழையபடி வளை வளையாப் போவோம்" என்றான் ஈட்டியப்பன்.

"இரு அண்ணே. போறதுக்கு முன்னால பாறையில நின்னு எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். இல்லேன்னா என்னைத் தேடுவாங்க."

"அவன் வீட்டு வாயாலேயே அவன் வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்லப் போறியா?"

"கேட்டுட்டேன் அண்ணே. தாராளமாச் சொல்லுன்னார். பிளவை அகலமாத் திறந்து வைக்கிறேன்னார்."

ஈட்டியப்பன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை. குத்துகிறவன் பேசாமல் இருந்தால் அது இன்னும் குத்தும்.

காத்தாயி குகைக்குள் போய் நான்கு தரம் சொன்னாள். "அக்கா, அண்ணே, புள்ளைங்களா, நாளையிலேருந்து காத்தாயி இந்தப் பாறையில பேசமாட்டா. இங்க வர்ற சேதியை நம்பாதீங்க. நானே உங்க வளைக்கு வர்றேன்." சொல்லச் சொல்ல அழுகை வந்தது. பாறையும் அவளோடு சேர்ந்து அழுதது. மனசு லேசாகி வெளியே வந்தவள், யாரையும் பார்க்காமல் பறந்துபோனாள்.

மேலே பிளவில் பாறைக்காரர் வயிற்றை உப்பிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

மறுநாள் காத்தாயி ஓடையோரம் பறந்து பார்த்தாள். இலந்தைப் பாதை நெடுகக் கண்ணி. கௌதாரியின் புதருக்கு ஓடினாள்.

"அக்கா, இலந்தைப் பாதை வேண்டாம்!"

கௌதாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரும்மா நீ?"

"என்னக்கா, காத்தாயி!"

"காத்தாயியா? காத்தாயி இப்பத்தான் பாறையில சொன்னா, இலந்தைப் பாதை சுத்தம்னு. குரலை இவ்வளவு அச்சா வச்சுக்கிட்டு ஏமாத்தப் பாக்கறியே, வெக்கமா இல்லே?"

"நான் பாறையில பேசறதை நிறுத்திட்டேன். நேத்துச் சொன்னேனே!"

"அப்படி ஒண்ணும் கேக்கலியே. என் குரல் வேணும்னா பாறைதான், மத்த இடத்துல தேடாதேன்னு அவதான் எனக்குச் சொன்னா. நீ போ."

காத்தாயி பாறைக்குப் பறந்தாள். தூரத்திலேயே கேட்டது. அவள் குரல். அவள் இழுப்பு. அவள் மூச்சு வாங்குகிற இடம்கூட அப்படியே. "எல்லாப் பாதையும் சுத்தம். தைரியமாப் போங்க."

குகைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. எந்தப் பறவையின் குரலையும் அப்படியே எடுத்துப் பேசுகிற சாமர்த்தியசாலி அது.

"அடப்பாவி! அது என் குரல்!"

கரிச்சான் வாலை ஆட்டியது. "கூட்டம் இருக்கிற இடத்துல ஈ நிறைய. எனக்கு ஈ போதும். என்ன பேசணும்கிறது மேல இருக்கிறவர் பாடு."

பாறைக்காரர் பிளவிலிருந்து தலையை நீட்டினார்.

"ஐயா, என்ன அநியாயம் இது? அங்க ஒரு தாய் மாட்டினா, அவ கூடு காவலில்லாமக் கிடக்கும். அதுக்காகத்தானே?"

"பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம்மா. ஜனங்க காத்தாயி குரலைக் கேக்க வர்றாங்க. நீ போயிட்டே. குரல் போகலாமா?"

"குரல் என்னோடது!"

"இல்லேன்னு யார் சொன்னா? ஆனா காடு கேட்ட குரல், என் பாறைக்குள்ள உருண்டு பெருத்த குரல். உன் தொண்டையில இருக்கிறதை யாருக்கும்மா தெரியும்?" அவர் குரல் தணிந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. உள்ள வா. கரிச்சானை இந்த நிமிஷமே வெளிய அனுப்பிடறேன்."

காத்தாயி தயங்கினாள். உள்ளே போனால் பொய்க் குரல் நிற்கும். இன்றைக்கு நாலு உயிராவது பிழைக்கும்.

"நான் பேசறப்ப பிளவைத் திறந்து வைப்பீங்களா?"

"அது அன்னன்னிக்கு இருக்கிற கூட்டத்தைப் பொறுத்தது" என்றார் பாறைக்காரர்.

காத்தாயி திரும்பிவிட்டாள். அவள் போவதைக் கிளையிலிருந்து வரியன் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கீழே யாரோ தலையாட்ட, எண்ணிக்கை தப்பிவிடுமே என்று குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு காத்தாயியும் ஈட்டியப்பனும் ஓய்ந்து உட்காரவில்லை. மூன்று ஓடையோரமும் வளை வளையாகப் போனார்கள். பாறைப் பக்கமே வராத சில உயிர்கள் காட்டில் இருந்தன. தொட்டால் பந்தாகச் சுருளும் கூச்சக்கார அழுங்கு ஒன்று, வெள்ளெலிக் குடும்பம் மூன்று, கூட்டம் பிடிக்காத கிழச் சருகுமான் ஒன்று. அவர்கள் கேட்டார்கள், பிழைத்தார்கள். மற்றவர்கள் கல்லெடுத்து எறியாத குறைதான். "போலி வந்துட்டா, போலி வந்துட்டா" என்று குஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

செவத்தாளின் புதர் பக்கம் மட்டும் காத்தாயி போகவில்லை. முகத்தில் முழிக்க அவளுக்குத் தைரியமில்லை. அந்தக் காடை மறுபடியும் முட்டையிட்டு, ஐந்து குஞ்சு பொரித்திருந்தாள்.

ஒருநாள் காலை, கல்லுப் பாதையில் பத்தடிக்கு ஒரு கண்ணி. ஈட்டியப்பன் ஒன்றை அறுத்தால் பத்து மீதி இருந்தது. காத்தாயி மேலே பறந்து பார்த்தாள். பாதையின் அந்தக் கோடியில், செவத்தாள் நொண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஐந்து குஞ்சும் வரிசையாக.

காத்தாயி பாதையின் குறுக்கே இறங்கி, சிறகை விரித்து நின்றாள்.

"நில்லு தங்கம். பாதை நெடுகக் கண்ணி."

செவத்தாள் நின்றாள். "பாறையில இப்பத்தான் சுத்தம்னு சொன்னே."

"அது நானில்லை. கரிச்சான். என்னை மாதிரிப் பேசுது. நான்தான் காத்தாயி, என்னை நல்லாப் பாரு. உன் காலை யார் மடியில வச்சு மருந்து கட்டினது?"

செவத்தாள் குஞ்சுகளைத் தன் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"நீ காத்தாயின்னே வச்சுக்குவோம். பாறையில பேசறது நீ இல்லைன்னு எப்படி நம்பறது? அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? என் முட்டை எங்க கிடக்குன்னு ஊருக்கெல்லாம் சொன்ன குரலாச்சே அது."

காத்தாயி விரித்த சிறகை மடக்கவில்லை.

"புள்ளைங்களுக்குத் தாகம். வழியை விடு" என்றாள் செவத்தாள்.

"என்னை மிதிச்சுட்டுப் போ. ஆனா இந்தப் பாதையில போகாதே. உன் காலைப் பிடிக்கிறேன் தாயி."

"அந்தக் காலைத்தான் ஊருக்குக் காட்டியாச்சே" என்று சொல்லி, செவத்தாள் அவள் சிறகைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நான்கு எட்டு வைத்திருப்பாள். புல் அசைந்தது. கயிறு இறுகியது. இந்தத் தடவை காலில்லை, கழுத்து.

"ஈட்டியண்ணே! ஓடி வா!"

ஈட்டியப்பன் முட்கள் கிலுகிலுக்க ஓடி வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் மனுஷக் காலடி கேட்டது. குஞ்சுகள் புல்லுக்குள் சிதறின. காத்தாயி மேலே எழும்பிக் கத்தினாள். அவள் சாதிக்கென்று ஒரு கத்தல் உண்டு. அதைக் கேட்டால் காடே நிமிர்ந்து பார்த்து ஓடும். அன்று ஒருவரும் நிமிரவில்லை. அதே நேரம் குடப்பாறையிலிருந்து அவள் குரல், அவளுடையதைவிட நூறு மடங்கு பெரியதாக, "இன்னிக்குக் காட்டுல ஆள் நடமாட்டமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வேட்டைக்காரன் வந்தான். செவத்தாளைக் கண்ணியிலிருந்து கழற்றி, பைக்குள் போட்டான். கண்ணியை மறுபடியும் சரிசெய்து வைத்துவிட்டுப் போனான்.

ஈட்டியப்பன் புல்லைத் துழாவினான். குஞ்சுகளில் மூன்றுதான் கிடைத்தன. அவற்றைத் தன் வளைக்கு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, காத்தாயி ஒரு கல்லின் மேல் சிறகு தொங்க உட்கார்ந்திருந்தாள். பாதையின் கோடியில் கௌதாரிக் கூட்டம் ஒன்று மடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக, சிரித்துப் பேசிக்கொண்டு.

"கத்து தங்கச்சி" என்றான் ஈட்டியப்பன். "நான் கயிறு அறுக்கிறேன். நீ கத்து. நிறுத்தாதே."

காத்தாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எதுக்கண்ணே? நான்தான் அங்க கத்திக்கிட்டிருக்கேனே."

நீதி: உன்னை நம்பி வருகிறவர்களை இன்னொருவன் வாசலில் நிற்கப் பழக்காதே, நீ வெளியேறும் நாளில் அவர்கள் உன்னோடு வரமாட்டார்கள்.